தண்டவாளத்தின் வளைவும் குண்டு விழும் ஊரும்

போர்க்கருவிகளின் வரலாற்றில் இரயில் பீரங்கிக்கு வாய்த்த ஆயுள் மிகக் குறுகியது. 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிறந்து, 1945-இல் இரண்டாம் உலகப் போரோடு ஏறத்தாழ முடிந்துபோன வம்சம் அது. எண்பத்து மூன்று ஆண்டுகள் என்பது ஒரு மனித ஆயுள்தான். ஆயினும் அந்தக் குறுகிய காலத்துக்குள் மனிதன் வார்த்த பீரங்கிகளிலேயே மிகப் பெரியவை அதன் மடியில்தான் வளர்ந்தன. இன்று அவற்றுள் எஞ்சியவை சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. மற்றபடி அவை உயிரோடிருப்பது மாதிரிகளாகத்தான்: பிளாஸ்டிக்கில் வார்த்த, முப்பத்தைந்தில் ஒன்றாகவோ எழுபத்திரண்டில் ஒன்றாகவோ சுருக்கிய பொம்மைகளாக.

அப்படியொரு மாதிரிக்கு நிலக்காட்சி அமைக்கும் வேலை மீஞ்சூரில் நமக்கும் நண்பர்களுக்கும் வாய்த்தது. பொம்மை வேலை எனத் தொடங்கியது, முடியும்போது வரலாற்றெழுத்தின் சிக்கலாக மாறிவிட்டிருந்தது. அதைப் பற்றியே இக்கட்டுரை. முதலில் பீரங்கியின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. அதன் உடற்கூறு தெரியாமல் அதைச் சுற்றி நிலம் அமைக்க இயலாது.

1862 ஜூன் மாதம் ரிச்மண்ட் நகரருகே தென்மாநிலப் படையின் தளபதி இராபர்ட் லீயின் யோசனைப்படி, கப்பலுக்குரிய கனரகப் பீரங்கியொன்று சரக்கு இரயில் தட்டின்மீது ஏற்றப்பட்டது. சாலையில் மாடும் குதிரையும் இழுக்க முடியாத எடையை இரும்புப்பாதை சுமக்கும் என்பதே அதன் பின்னிருந்த எளிய கணக்கு. இரண்டாண்டுகள் கழித்து, 1864-இல் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையின்போது வடமாநிலப் படையினர் 13 அங்குல வாயுடைய ஒரு குறும்பீரங்கியை இரயில் தட்டில் ஏற்றினர். ‘சர்வாதிகாரி’ என்று அதற்குப் பட்டப்பெயர். ஏழு டன்னுக்கு மேற்பட்ட எடை. அதைத் திருப்பிக் குறிவைப்பது எளிதன்று. ஆகவே பாதையின் வளைந்த பகுதியில் நிறுத்தி, முன்னும் பின்னும் தள்ளித் திசையை மாற்றிக்கொண்டார்கள். வளைவின் எந்தப் புள்ளியில் வண்டி நிற்கிறதோ, அதற்கேற்ப வாயின் திசையும் மாறும்.

இந்த வளைவுதான் இரயில் பீரங்கியின் இலக்கணம். அது தலையைத் திருப்பத் தெரியாத விலங்கு. பின்னாளில் வந்த ஜெர்மானியரின் ‘கே-5’ வகைப் பீரங்கியைச் சான்றாகக் கொள்ளலாம். 28 சென்டிமீட்டர் வாய். 21 மீட்டருக்கு மேல் நீண்ட குழல். ஏறத்தாழ 218 டன் எடை. 255 கிலோ குண்டை 64 கிலோமீட்டர் வரை எறியும் வலிமை. இத்தனை இருந்தும், தண்டவாளத்தின் மீது நின்ற நிலையில் குழலை இருபுறமும் ஒவ்வொரு பாகை அளவே திருப்ப முடியும். எனவே அதற்கென்றே வளைந்த கிளைப்பாதை போட வேண்டியிருந்தது. இல்லையேல் சுழல்மேடை கட்ட வேண்டியிருந்தது. சுடுவதற்குமுன் நிலத்தைத் தனக்கேற்றவாறு வளைத்துக்கொள்ளும் ஆயுதம் என்று இதைச் சொல்லலாம்.

இவ்வகையின் உச்சம் ‘டோரா’. 80 சென்டிமீட்டர் வாய்; ஏறத்தாழ 1,350 டன் எடை; ஏழு டன் குண்டு. ஒரு தண்டவாளம் அதற்குப் போதாது. அருகருகே இரண்டு இணைப்பாதைகள் போட்டு அவற்றின்மீது நிறுத்தினார்கள். பாதை போடவும் பாகங்களைப் பூட்டவும் ஆயிரக்கணக்கானோர் பல வாரங்கள் உழைத்தனர். 1942 ஜூன் மாதத்தில் கிரிமியாவின் செவஸ்தபோல் நகர்மீது அது வீசியது ஐம்பதுக்கும் குறைவான குண்டுகளே. அதன்பின் அது போரில் பெரிதாகப் பயன்படவில்லை. வானூர்தி வளர்ந்துவிட்ட காலத்தில், மேலிருந்து பார்ப்பவனுக்கு இரும்புப்பாதை ஒளிக்க முடியாத கோடு. 1944-இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் இறங்கிய நேசப்படைகளைச் சுட்ட ‘இராபர்ட்’, ‘லியோபோல்ட்’ என்னும் இரண்டு கே-5 பீரங்கிகள் பகலில் இரயில் சுரங்கத்துக்குள் பதுங்கியிருக்க வேண்டியிருந்தது. கரையில் கிடந்த வீரர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குண்டுதாரிக்கு ‘அன்சியோ ஆனி’ என்று பெயரிட்டார்கள். அவ்வாண்டு ஜூனில் அவ்விரண்டும் கைப்பற்றப்பட்டு அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றின் பாகங்களிலிருந்து ஒன்றாக்கப்பட்ட பீரங்கி நெடுங்காலம் மேரிலாந்தில் நின்று, இப்போது விர்ஜினியாவில் இருக்கிறது. அதே வகையின் மற்றொன்று பிரான்சின் வடகரையில், அன்று ஜெர்மானியர் கட்டிய காங்கிரீட் அரணருகே நிற்கிறது.

* * *

மாதிரி செய்வோர் அதிகம் விரும்பி வாங்கும் இரயில் பீரங்கி இந்த ‘லியோபோல்ட்’தான். நம் நண்பர் குழுவுக்குக் கிடைத்ததும் அதுவே. எழுபத்திரண்டில் ஒன்று என்னும் அளவில். முழு நீளம் 43 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். கல்லூரி மாணவர்களுக்கான ஒரு சிறு வரலாற்றுக் கண்காட்சியில் அதை வைப்பதென்று முடிவாயிற்று. வெறும் மேசையில் வைத்தால் அது வெறும் இரும்புத்துண்டு. நிலத்தில் நிறுத்தினால்தான் அதற்கு அளவும் பொருளும் வரும்.

நிலக்காட்சி அமைக்கும் கலைக்கு ஐரோப்பியர் தரும் வரலாறு பாரிஸில் தொடங்குகிறது. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான டகேர் 1822-இல் அங்கே ‘டையோரமா’ என்னும் காட்சிக்கூடத்தைத் திறந்தார். சொல்லும் அங்கிருந்தே வந்தது. ஆனால் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய வித்தை அன்று. நவராத்திரிக் கொலுவின் படிகளுக்குக் கீழே ‘பார்க்’ கட்டாத பிள்ளைகள் அந்நாளில் அரிது. ஒரு வாரத்துக்கு முன்பே கேழ்வரகோ கடுகோ விதைத்து முளைக்கவைத்தால் புல்வெளி. உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியைச் சுற்றி மணலைக் குவித்தால் குளம். ஈரமண்ணைப் பிடித்து வைத்தால் மலை. சாவி கொடுத்தால் சுற்றும் இரயில் வண்டியும் அங்கே உண்டு.

கொலுவுக்கு ஒரு நெறி இருப்பதை நாம் அப்போது கவனித்ததில்லை. மேல்படிகளில் தெய்வங்கள் வீற்றிருந்தாலும், கீழ்ப்படியில் பருத்த செட்டியாரும் அவர் மனைவியும் கடை பரப்பி அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் அரிசியும் பருப்பும் குட்டிக்குட்டிக் கிண்ணங்களில். குறத்தி உண்டு, பாம்பாட்டி உண்டு, கல்யாண ஊர்வலம் உண்டு. கடவுளுக்கு அரங்கு அமைக்கும்போதுகூட ஊரை விட்டுவிடக்கூடாது என்பது அதன் நெறி.

மாதிரிப் பெட்டிகளில் அச்சிட்டுவரும் காட்சிப் படங்களின் நெறி வேறு. அங்கே பீரங்கி உண்டு. தொலைநோக்கியோடு அதிகாரி உண்டு. குண்டு தூக்கும் வீரர்கள் உண்டு. மிஞ்சினால் ஒரு மரம். ஊர் இராது. நாமும் முதலில் அந்த வழியிலேயே சென்றோம்.

வேலையின் நுட்பங்களைச் சற்று விரிவாகவே சொல்லலாம். அடித்தளமாக 75க்கு 40 சென்டிமீட்டர் ஒட்டுப்பலகை. அதன்மேல் தெர்மாகோலை அடுக்கி, அரிந்து, மேடுபள்ளம் உருவாக்கி, பசையில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளால் போர்த்திக் காயவிட்டோம். பாதையை நேர்கோட்டில் போடுவது எளிது. ஆனால் மேலே சொன்ன இலக்கணப்படி அது வளைந்தாக வேண்டும். நேர்பாதையில் நிற்கும் லியோபோல்ட், ஊர்போகிற லியோபோல்ட். சுடுகிற லியோபோல்ட் வளைவில்தான் நிற்கும். நூலில் பென்சிலைக் கட்டி வட்டத்தின் ஒரு வில்லை வரைந்து, அதன்மீது சிலீப்பர் கட்டைகளை ஒட்டினோம்.

கணக்கு இங்கேதான் தொடங்கியது. ஐரோப்பாவின் பொதுவான இருப்புப்பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் மீஞ்சூர் வழியாகச் செல்லும் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். வகுத்தால் 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே நிலையத்துக்குப் போய் அளந்து வந்து போட்டால் பீரங்கியின் சக்கரம் பாதையில் உட்காராது. சிலீப்பர் கட்டையின் நீளம் 2.6 மீட்டர் என்று கொண்டால் மாதிரியில் 36 மில்லிமீட்டர். ஊதுவத்திக் குச்சியைச் சீவிச் சதுரமாக்கி வெட்டினால் சரியாக வந்தது. இரண்டு கட்டைகளுக்கு இடையே 9 மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர்ச் சல்லிக்கல் மாதிரியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே கல்குவாரித் தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்து எடுத்து, கட்டைகளுக்கு நடுவே தூவி, நீரில் கரைத்த ஃபெவிகாலைச் சொட்டுச்சொட்டாக விட்டோம். அடுத்த நாள் காய்ந்தபோது அது பார்வைக்கு உண்மைப் பாதையாகவே இருந்தது. ஆள் உயரம் 24 மில்லிமீட்டர். அந்த அளவு மனிதர்களை அருகில் நிறுத்தியபோதுதான் பீரங்கியின் பெருமை தெரிந்தது. உண்மையைச் சொன்னால், பயமும் தெரிந்தது.

* * *

காட்சி ஏறத்தாழ முடிந்த நிலையில் மாணவர்களை அழைத்துக் காட்டினோம். பழவேற்காட்டுப் பக்கத்துக் கடலோரக் குப்பமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி பலகையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“சுடுற இடம் இதுன்னு தெரியுது சார். உழுற ஊரு எங்க சார்?”

பலகையில் அதற்கு இடமில்லை என்று பதில் சொன்னோம். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டோம். 64 கிலோமீட்டரை எழுபத்திரண்டால் வகுத்தால் 889 மீட்டர். மாதிரியின் அளவிலேயே குண்டு விழும் ஊரை வைக்க வேண்டுமானால், அறையைத் தாண்டி, கட்டடத்தைத் தாண்டி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும். எந்த மேசைக்கும் எந்த அருங்காட்சியகக் கூடத்துக்கும் அது அடங்காது. இரயில் பீரங்கியின் நிலக்காட்சி எதுவாயினும் சுடுபவனின் முனையை மட்டுமே காட்டும்படி, பீரங்கியின் தொலைவே விதித்துவிடுகிறது. காட்சி அமைப்பவன் தன் மனத்தில் எந்தச் சார்பும் இல்லாமல் உட்கார்ந்தாலும், அளவுகோலே அவனை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடுகிறது.

அதே கணக்கை நிலப்படத்தில் போட்டுப் பார்த்தால் இன்னும் விளங்கும். மீஞ்சூரை நடுவாக வைத்து 64 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைவோம். பழவேற்காட்டு ஏரி முழுவதும், வடக்கே சூலூர்ப்பேட்டை, மேற்கே திருவள்ளூர், தெற்கே சென்னை நகரம் தாம்பரம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். இத்தனை இலட்சம் மக்களில் ஒருவர்கூடப் பீரங்கியைப் பார்த்திருக்க மாட்டார். அதன் ஓசையும் குண்டு விழுந்த பின்னரே அவர் காதை எட்டும். 1918 மார்ச் 23 அன்று பாரிஸ் மக்களுக்கு நேர்ந்தது அதுதான். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, இரயிலில் கொண்டுவந்து காட்டுக்குள் நிறுத்திய நீண்ட பீரங்கியால் ஜெர்மானியர் சுட்டனர். முதலில் விமானம் குண்டு போடுகிறதென்றே நகரத்தார் வானத்தைப் பார்த்தார்கள். ஆறு நாள் கழித்து, புனித வெள்ளியன்று, வழிபாடு நடந்துகொண்டிருந்த புனித ஜெர்வே தேவாலயத்தின் கூரை ஒரே குண்டில் சரிந்து தொண்ணூறு பேர் அளவில் மாண்டனர்.

நம் கடற்கரைக்கும் இவ்வனுபவம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி அளவில் ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிவிட்டு இருளில் மறைந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலன்கள் பற்றி எரிந்தன. அது 10.5 சென்டிமீட்டர்ப் பீரங்கிகள் கொண்ட சிறு கப்பல். லியோபோல்டின் முன்னால் விளையாட்டுத் துப்பாக்கி. ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு இரயிலேறி நகரை விட்டு ஓடினார்கள். கப்பல் அவ்வாண்டு நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் வீழ்ந்தது. பெயர் மட்டும் தமிழில் குடியேறிவிட்டது. “அவன் பெரிய எம்டன்” என்று இன்றும் சொல்கிறோம். உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. குண்டு விழுந்த இடத்தில், விழுந்தவர்களின் மொழி, சுட்ட கப்பலின் பெயரை வியப்புச் சொல்லாக வைத்துக்கொண்டது விந்தைதான். இரயில் பீரங்கியைச் சுற்றிச் சோகத்தைவிட வியப்பே சூழ்ந்திருப்பதும் இதே இயல்பின் வேலைதான்.

* * *

மாணவியின் கேள்வி ஒரு முனையைத் திறந்தது. அதை இன்னும் சற்று இழுத்தால் வேறு முனைகளும் வருகின்றன. குண்டு விழும் ஊர் பலகையில் இல்லை என்றால், வெடிமருந்து வந்த ஊர் எங்கே? தண்டவாளம் போட்டவர்கள் எங்கே?

முதற்கேள்விக்குப் பதில் தேட மீஞ்சூர்க்காரர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வடக்கே ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் பழவேற்காடு. விசயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் காலத்தில் இங்கே இடம்பெற்ற டச்சுக்காரர்கள் 1613-இல் ‘கெல்திரியா’ கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக 1690 வரை அது இருந்தது. பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. பழவேற்காட்டுத் துணிகளைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் 1620-களிலிருந்து அங்கே ஒரு வெடிமருந்து ஆலையும் இயங்கியது. வெடியுப்பு நான்கில் மூன்று பங்கு. மீதியில் கரியும் கந்தகமும். இம்மூன்றையும் அரைத்து, இடித்து, உலர்த்திச் செய்த மருந்து பத்தாவியாவுக்கும் கீழைக்கடலின் பிற டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பலேறியது. கிழக்கிந்தியத் தீவுகளில் எங்கோ வெடித்த பீரங்கிகளின் மூச்சு, நம் ஏரிக்கரையில் தயாரானது. அதே துறைமுகத்திலிருந்து, பஞ்சத்திலும் போரிலும் விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1795-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தனர். பின்னர் கோட்டை இடிக்கப்பட்டது. 1825-இல் ஊர் முழுவதுமாக அவர்கள் கைக்கு வந்தது. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மூடிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்க, உள்ளே அழகிய எழுத்துகளில் அதிகாரிகளும் வணிகர்களும் அவர்கள் குடும்பத்தாரும் பெயர் பொறித்துப் படுத்திருக்கிறார்கள். மருந்து இடித்தவர்களுக்கு அங்கே கல் இல்லை. அவர்களுக்கு அண்மையில் எஞ்சியிருக்கும் ஒரே கல்வெட்டு, பக்கத்துக் குப்பத்தின் பெயர்தான்: கோட்டைக்குப்பம். கோட்டை போய்விட்டது, குப்பம் இருக்கிறது. இன்றும் அங்குள்ள மீனவர்கள் ஏரியில் யார் எந்நாளில் எங்கே வலை விடுவது என்பதைப் ‘பாடு’ முறைப்படி தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பீரங்கிக்கு நிலத்தை வளைத்தவர்களின் ஏற்பாடுகளெல்லாம் கலைந்துபோக, நீரைப் பகிர்ந்துகொண்டவர்களின் ஏற்பாடு தங்கியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி தண்டவாளத்தைப் பற்றியது. டோராவுக்குப் பாதை போட ஆயிரக்கணக்கானோர் வேண்டியிருந்தது என்றோம். போர்க்காலத்து இரும்புப்பாதை என்றவுடன் தமிழர் நினைவுக்கு வரவேண்டியது சயாம்–பர்மா இரயில்பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட, 415 கிலோமீட்டர் நீளப் பாதை அது. டோரா செவஸ்தபோலைச் சுட்ட அதே ஆண்டு. அதே ஆண்டு ஏப்ரலில்தான் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து, அச்சத்தில் சென்னை காலியாயிற்று. ஜப்பானியர் அப்பாதைக்குப் போர்க்கைதிகளாக அறுபதாயிரம் பேரைப் பயன்படுத்தினர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சத்தையொட்டி. இறந்தோர் தொண்ணூறாயிரத்தை எட்டும் என்பது பரவலான மதிப்பீடு. அவர்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச்செல்லப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையினர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய ‘சி-56 31’ என்னும் நீராவி எஞ்சின் 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தைச் சேர்ந்த போர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில், பளபளப்பாகத் துடைத்து, அது நிறுத்தப்பட்டிருக்கிறது. அருகே போர்விமானமும் பீரங்கிகளும் உண்டு. பாதை போடப்பட்டதன் அருமையைச் சொல்லும் விளக்கத்தில், போட்டவர்கள் மாண்டதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்று பல்லாண்டுகளாகப் பார்வையாளர் பலர் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். அங்கே எஞ்சினில் பொய் ஏதும் இல்லை. சக்கரமும் கொதிகலனும் மெய்யானவை. அதைச் சூழ்ந்த வெற்றிடம்தான் பேசுகிறது. ஒரு பொருளைக் காட்சிக்கு வைக்கும்போது பொருளை எவ்வளவு துல்லியமாகச் செய்கிறோம் என்பதில் மட்டும் உண்மை அடங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்மாறான சான்றும் ஒன்று உண்டு. 1899 நவம்பர் முதல் 1900 பிப்ரவரி இறுதி வரை தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரைப் போயர்கள் முற்றுகையிட்டிருந்தனர். குன்றின்மேலிருந்து ‘லாங் டாம்’ என்னும் 155 மில்லிமீட்டர்ப் பீரங்கி ஊரைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குள் அகப்பட்டவர்களில் இந்திய ஒப்பந்தக் கூலிகளும் இருந்தனர். அவர்களுள் பிரபு சிங் என்பவர் ஆபத்தான உயரத்தில் நின்றுகொண்டு, பீரங்கியின் வாயில் ஒளி தெரிந்தவுடன் மணியடிப்பார். குண்டு வந்து சேர்வதற்குள் இருக்கும் சில நொடிகளில் மக்கள் பதுங்கிக்கொள்வார்கள். அவரைப் பற்றிக் காந்தியடிகள் தம் தென்னாப்பிரிக்க வரலாற்றில் எழுதியிருக்கிறார். லாங் டாம் இரயில் பீரங்கியன்று. ஆயினும் பீரங்கியின் இரண்டு முனைகளையும் ஒரே பார்வையில் கண்ட மனிதர் என்ற வகையில் பிரபு சிங் நமக்கு முக்கியமானவர். சுடும் இடத்தையும் விழும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கிற கண் அவருடையது. காட்சி அமைப்பவனுக்கு வேண்டிய கண்ணும் அதுதான்.

* * *

இதையெல்லாம் பேசி முடித்தபின் பலகையை என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. பீரங்கியை எடுத்துவிடலாம் என்றார் ஒரு நண்பர். நாம் அதற்கு உடன்படவில்லை. கருவியைக் காட்டாமல் மறைத்தால் அதன் பயங்கரம் குறைந்துவிடப் போவதில்லை. மேலும், வளைந்த பாதையில் நிற்கும் அந்த நீண்ட குழலின் அமைப்பை மாணவர்கள் கண்ணால் காண்பது ஒரு பாடம்; அதை இழக்க மனமில்லை.

செய்தது இவ்வளவுதான். முதற்பலகையில் அதிகாரியின் பொம்மை நின்ற இடத்தை மாற்றி, முன்வரிசையில் பாதை போடுவோரை நிறுத்தினோம்: கடப்பாரை பிடித்தவர்கள், சிலீப்பர் கட்டையைத் தோளில் சுமக்கும் நால்வர், சல்லி கொட்டும் இருவர். பெட்டியில் அத்தகைய பொம்மைகள் வருவதில்லை. மெல்லிய கம்பியை வளைத்து, மாக்கல் பசையைப் பூசி மாணவர்களே செய்தார்கள். பலகையின் இடது ஓரத்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் சிறு கிண்ணங்களில் வைக்கலாமா என்று கருதி, பாதுகாப்புக் காரணத்தால் அதைக் கைவிட்டு, கல்லுப்பு, கரித்தூள், மஞ்சள்தூள் எனப் போலிகளை வைத்து, பழவேற்காட்டு ஆலையைப் பற்றி நான்கு வரி எழுதினோம். செட்டியார் பொம்மையின் முன்னிருக்கும் கிண்ணங்களை அது நினைவூட்டியது தற்செயலன்று.

தனியாக இரண்டாவது பலகை ஒன்றையும் அமைத்தோம். அதில் பீரங்கி இல்லை. ஒரு தெரு, ஓட்டுவீடுகள், கிணறு, உலர்த்திய வலை, கேழ்வரகு முளைவிட்ட புல். கூரை சரிந்த வீடு ஒன்றே ஒன்று. அதைத் தாழ்வாரத்தின் மறுகோடியில் வைத்து, அருகே ஓர் அட்டையில் இப்படி எழுதினோம்: ‘உண்மை அளவின்படி இவ்வூர் அந்தப் பீரங்கியிலிருந்து 889 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடமின்மையால் இங்கே வைக்கப்பட்டிருக்கிறது.’ பார்க்க வந்தவர்களில் பலர் முதற்பலகையருகே நெடுநேரம் நின்றார்கள். பீரங்கிக்கு அந்த ஈர்ப்பு உண்டு. சிலர் அட்டையைப் படித்துவிட்டு, திரும்பி, தாழ்வாரத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்கள்.

வரலாற்று மாதிரிகள் இனிப் பெருகும். சென்னை வில்லிவாக்கத்து வட்டார இரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் குழந்தைகள் எஞ்சின்களைச் சுற்றிவந்து வியக்கிறார்கள்; அந்த வியப்பு நல்லது, வளரவேண்டியது. பழவேற்காட்டிலும் என்றேனும் கெல்திரியா கோட்டைக்கு மாதிரி செய்து வைப்பார்கள் என்று நம்புவோம். அப்போது கோட்டையின் கொத்தளங்களையும் பீரங்கி வாய்களையும் டச்சு வரைபடங்களைப் பார்த்துத் துல்லியமாகவே செய்துவிடுவார்கள். அதன் வெளிச்சுவருக்கு அப்பால் மருந்து இடிக்கும் கொட்டகைக்கும், கப்பலேற நிற்கும் அடிமைகளின் வரிசைக்கும், வலை உலர்த்தும் குப்பத்துக்கும் பலகையில் எத்தனை அங்குலம் விடப்போகிறோம் என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. பலகையை அறுத்த பிறகு இடம் கேட்டால் கிடைப்பதில்லை.